முடியும் வரை

2024 ஜூன் முதல் வாரத்தில் நான் பினாங்குக்குப் போனேன். இதைப் பயணக் கட்டுரை என்று எண்ணி யாரும் ஏமாற வேண்டாம். பயணக் கட்டுரை எழுதுகிறவனுக்கு ஊரைப் பார்க்கிற கண் வேண்டும். பார்த்ததில் ஒரு சந்தோஷமும் வேண்டும். நான் அங்கே பார்த்தவை ஓர் ஆஸ்பத்திரி வார்டு, அதற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடை, குடிநுழைவு அலுவலகத்தில் ஒரு நாற்காலி வரிசை. தண்ணீர்மலைக் கோயிலுக்குக்கூட, வேறொருவர் நேர்ந்துகொண்டதற்காக, ஒரு நாள் அந்தியில் போய்த் திரும்பியதோடு சரி. என்றாலும் அந்த முப்பது நாளை எழுதாமல் வேறு எதையும் எழுத முடியாதவனாக ஒன்றரை வருஷமாக இருந்து வருகிறேன். ஒப்புக்கொண்ட ஒரு மதிப்புரை மேஜையில் கிடக்கிறது. அந்தக் கவிஞர் மன்னிக்க வேண்டும்.

பெரிய மாமா சாகக் கிடந்தார். அம்மாவின் மூத்த அண்ணன், அம்மாவைவிடப் பதினைந்து வயசு பெரியவர். அத்தை காலமாகி வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகன் கோலாலம்பூரில். சனி ஞாயிறுகளில் வந்து போகிறான். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, விமானம் ஏற மாட்டாள். 'நீ போய்ப் பக்கத்துல இரு. முடியுற வரைக்கும் இருந்துட்டு வா' என்றாள். எம்ப்ஸனைப் படித்துக் கெட்டவன் நான். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் இருந்தால், நல்ல வாசகன் இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வான். நான் எனக்குச் சௌகரியமானதைப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்வேன். என்னால் முடிகிற வரைக்குமா, அங்கே எல்லாம் முடிகிற வரைக்குமா என்று அம்மாவிடம் கேட்கவில்லை.

வங்கியில் இருபது நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வெளிநாடு போக மேலிடத்தின் அனுமதிக் கடிதம் தனியாக வந்தது. 2023 டிசம்பர் 1ஆம் தேதி முதல் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் விஸா இல்லாமலே மலேசியாவுக்குள் 30 நாள் வரை இருக்கலாம் என்று ஆகியிருந்தது. இணையத்தில் வருகை அட்டை ஒன்றை முன்கூட்டி நிரப்பிவிட்டால் போதும். விமான நிலையத்து ஜன்னலில் இருந்த பெண், 'எத்தனை நாள்?' என்றாள். 'முப்பது' என்றேன். 'சுற்றிப் பார்க்கவா?' தலையாட்டினேன். ஒரு சாவுக்காகக் காத்திருக்க வந்தவனுக்கு அவர்களிடம் தனிப் பத்தி கிடையாது. சுற்றுலாவுக்குள் அதுவும் அடக்கம். முத்திரை விழுந்தது.

*

எனக்குத் தேதி தெரியும். பதின்மூன்று வருஷமாகக் கௌண்டரில் உட்கார்ந்து நான் பார்ப்பது பணத்தைவிட அதிகமாகத் தேதியைத்தான். வைப்புத்தொகையின் முதிர்வுத் தேதி, கடனின் தவணைத் தேதி, காசோலைக்கு மூன்று மாத ஆயுள். கடனில் 90 நாள் என்று ஒரு கோடு இருக்கிறது. தவணை தவறிய ஆள் அதுவரை வாடிக்கையாளர். அதைத் தாண்டினால் அவர் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போன அந்த ஓர் இரவில் அவர் உடம்பிலோ மனசிலோ எந்த மாறுதலும் நிகழ்ந்திருக்காது. வழக்கம்போல் சாப்பிட்டிருப்பார், தூங்கியிருப்பார்.

வேற்று நாட்டில் குறித்த நாளுக்கு மேல் தங்குவதும் இந்த ஜாதியைச் சேர்ந்த குற்றம்தான். மற்ற எந்தக் குற்றத்துக்கும் ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும். இதற்குத் தூங்கினால் போதும். நடு இரவுக்கு அது தானாக நிகழ்ந்துவிடுகிறது. அதே பாய், அதே தலையணை, ஜன்னலுக்கு வெளியே அதே நாய். விடிந்து எழுந்திருக்கிறவன் மட்டும் வேறொருவன். இருப்பு, இருத்தல் என்றெல்லாம் நம் பத்திரிகைகளில் நிறைய எழுதியாகிவிட்டது, நானும் எழுதியிருக்கிறேன். சும்மா இருப்பதே குற்றமாகிவிடுகிற நிலைமை ஒன்று உண்டு என்பதும், அதற்கு அபராதப் பட்டியல் அச்சாகியிருக்கிறது என்பதும் அப்போதெல்லாம் எனக்குத் தோன்றியதில்லை.

*

சாப்பாட்டுக் கடையில் முதல் நாள் பாலும் சீனியும் இல்லாமல் டீ கேட்டேன். மேஜை துடைத்துக்கொண்டிருந்தவர் உள்பக்கம் திரும்பி, 'தே ஓ கோசோங் ஒண்ணு' என்று குரல் கொடுத்தார். கோசோங் என்றால் மலாய் மொழியில் காலி. பூஜ்யத்துக்கும் அதே சொல். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயசிருக்கும் அவருக்கு. குரலில் எங்கள் பக்கத்து இழுப்பு இருந்தது. 'அறந்தாங்கிப் பக்கமா?' என்றேன். 'பேச்சிலயே தெரியுதாண்ணே?' என்று சிரித்தார். ஒரு வாரம் போய், கூட்டம் இல்லாத ஒரு மத்தியானத்தில், டீயை வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னார்: 'நானும் கோசோங்தான் அண்ணே. பெர்மிட்டு இல்லாத ஆளை இங்க அப்படித்தான் சொல்றது.'

2020 ஜனவரியில் வந்திருக்கிறார். 'டூரிஸ்ட்டுல போயிரு, ஒரே மாசத்துல அங்கயே பெர்மிட்டு போட்டுத் தந்துருவாங்க' என்று ஏஜெண்ட் சொல்லியிருக்கிறான். கையில் இருந்தது 15 நாள் அனுமதி. பதினாறாம் நாள் வேறொரு கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மார்ச் 18ஆம் தேதி நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கடைக்கு மேலே ஓர் அறையில் ஏழு பேர். பெர்மிட் வாங்கித் தருவதாகச் சொன்ன ஆளின் போன் எடுக்கப்படாமலே போயிற்று. 2021இல் ஊரில் அப்பா இறந்தார். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். இவர் போனில் பார்த்தார்.

'சிக்னல் விட்டு விட்டு வந்துச்சுண்ணே. கொள்ளி வைக்கப் போற நேரத்துல படம் அப்படியே நின்னுபோச்சு. திரும்ப வந்தப்ப எல்லாரும் குளிச்சிட்டு ஈரத் துண்டோட நிக்கிறாங்க.'

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அந்த நிமிஷம் நான் 'அண்ணே'யிலிருந்து 'சார்' ஆனேன். நகை இருப்பது எங்கள் வங்கியில்தானாம். எங்கள் கிளை இல்லை, பக்கத்துத் தாலுகாவில் உள்ள கிளை. ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக வைத்த ஏழு பவுன்; அதில் மனைவியின் தாலிச் சங்கிலியும் சேர்த்தி. வருஷா வருஷம் அந்தப் பெண் வட்டியைக் கட்டி மாற்றி வைத்து வந்திருக்கிறாள். இந்த வருஷம் முடியவில்லை. 'ஏல நோட்டீஸ் வந்திருக்குன்னு சொல்றா. எத்தனை நாள் சார் தாங்கும்?'

அந்த நோட்டீஸை எனக்கு வரி வரியாகத் தெரியும். எங்கள் கிளையில் அதை உறையில் போட்டு ஒட்டுகிறவன் நான்தான். கொட்டேஷன் கொடுத்துப் பேச ஷேக்ஸ்பியரில்கூட எனக்கு அவ்வளவு பாடம் கிடையாது. வட்டியையாவது கட்டிவிட்டு மேனேஜரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். 'நீங்க ஒரு வார்த்தை சொன்னா...' என்றார். 'பார்க்கிறேன்' என்றேன். வங்கியில் 'பார்க்கிறேன்' என்பது ஒரு ஓசை மட்டுமே.

அந்த வருஷம் மலேசிய அரசு, காகிதம் இல்லாதவர்கள் வழக்கு இல்லாமல் ஊர் திரும்ப ஒரு திட்டம் வைத்திருந்தது. 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை. நாள் கடந்து தங்கியவர் 500 வெள்ளி கம்பவுண்டு கட்டிவிட்டு, தன் செலவில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போகலாம். அதைச் சொன்னேன். என்னைவிட அவருக்கு விவரமாகத் தெரிந்திருந்தது. 'காசு பெரட்டிரலாம் சார். நகையத் திருப்பாம எந்த மூஞ்சியோட போய் எறங்குறது?'

*

ராத்திரிகளில் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து, போனில் ஒவ்வொரு நாட்டின் சட்டத்தையும் படித்துக்கொண்டிருந்தேன். படிக்க வேறு எதையும் மனசு ஒப்பவில்லை.

தாய்லாந்தில் கணக்கு எளிமையானது. ஒரு நாளுக்கு 500 பாட். எவ்வளவு நாளானாலும் 20,000 பாட்டுக்கு மேல் போகாது. உச்சவரம்பு வைத்த தனிவட்டி. ஆனால் 2016 மார்ச் முதல் அதோடு தடையும் உண்டு. 90 நாளுக்கு மேல் தங்கித் தானாக வந்து நிற்பவனுக்கு ஓராண்டுத் தடை. அதற்குக் குறைவாகத் தங்கியவனே பிடிபட்டால்கூட ஐந்தாண்டு. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் நாளொன்றுக்கு 50 திர்ஹாம். சிங்கப்பூரில் 90 நாளைத் தாண்டினால் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி. மலேசியச் சட்டத்தில் 10,000 வெள்ளி அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அனுமதியே இல்லாமல் நுழைந்தவனுக்கு ஆறு அடி வரை பிரம்பு. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் சுபாவத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு விமர்சகத் திமிர் எழுந்தது. அடக்கிக்கொண்டேன். நடைமுறை எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

இவற்றில் என்னை நிறுத்தி வைத்தது அமெரிக்கச் சட்டம். 1996இல் இயற்றப்பட்டு அடுத்த ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 180 நாளுக்கு மேல் அனுமதியின்றி இருந்தவன் மூன்று வருஷம் திரும்பி நுழைய முடியாது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ இருந்தவன் பத்து வருஷம். ஆனால் இந்தத் தடை அவன் இருக்கும்வரை அவன்மேல் விழுவதில்லை. புறப்பட்டுப் போகும்போதுதான் விழுகிறது. போகாததற்காக ஏற்பட்ட சட்டம், அமலாவது போகிறவன்மேல். ஆகவே உள்ளே இருப்பவன் இருந்துகொண்டே இருக்கிறான். தாய் செத்தாலும், மகளுக்குக் கல்யாணம் என்றாலும் இருக்கிறான். பூட்டு வெளியே இருப்பவனுக்காகப் போடப்பட்டது, மாட்டிக்கொண்டவன் உள்ளே.

காஃப்காவை இங்கே இழுக்க எனக்கு இஷ்டமில்லை. ஆபீஸில் ஒரு கையெழுத்துத் தாமதமானால்கூட அவரை இழுத்து இழுத்து அந்தப் பெயர் தேய்ந்துபோயிற்று. இந்த விஷயத்தை உள்ளிருந்து எழுதியவர் அன்னா ஸெகெர்ஸ். 1944இல் வெளிவந்த 'டிரான்ஸிட்' நாவலில், நாஜிகளிடமிருந்து ஓடி மார்ஸேய்த் துறைமுகத்தில் குவிந்த அகதிகள் வருகிறார்கள். அந்த ஊரில் தங்க வேண்டுமென்றால், அங்கிருந்து போய்விடப்போகிறோம் என்பதை நிரூபிக்க வேண்டும். போகிற நாட்டு விஸா கிடைப்பதற்குள் வழியிலுள்ள நாட்டின் அனுமதி காலாவதியாகும். அது கிடைப்பதற்குள் கப்பல் போய்விடும். அந்த ஆசிரியையே மார்ஸேயிலிருந்து கப்பலேறி மெக்ஸிகோ போய்ச் சேர்ந்தவர். புத்தகத்தைக் கல்லூரி நாட்களில் ஒரு உருவகமாகப் படித்தேன். அது உருவகமே அல்ல, நடைமுறைக் குறிப்பு என்பது பினாங்கில் எனக்குப் புரிந்தது.

*

நம்மிடமும் இது புதிதல்ல என்று ஒரு ராத்திரி தோன்றியது. முல்லைத் திணை முழுவதும் குறித்த நாள் கடந்தவனைப் பற்றியதுதானே. கார்காலம் தொடங்குமுன் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போகிறான். மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை. தோழி என்ன செய்கிறாள்? இது கார்காலமே இல்லை, ஏதோ அகாலத்து மழை, கொன்றைக்குப் புத்தி கெட்டுப் பூத்துவிட்டது என்கிறாள். குறுந்தொகையில் இந்தப் பொய்யைத் திரும்பத் திரும்பக் காணலாம். உரைகாரர்கள் இதைத் தலைவியை ஆற்றுவித்தல் என்பார்கள். இது ஒரு நீட்டிப்பு உத்தரவு என்றே எனக்குப் படுகிறது. காலம் கடந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளாமல், காலத்தையே தள்ளி வைக்கிறாள். அந்த அதிகாரம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? காத்திருப்பவர்கள் பக்கம் நிற்பதிலிருந்து வந்தது.

அங்கே கெடு வைப்பது காத்திருப்பு. எல்லை மீறப்படுவது வீட்டு வாசலில். பாஸ்போர்ட்டில் விழுகிற கெடுவுக்குப் பின்னால் காத்திருப்பவர் யாரும் இல்லை. எண்ணுகிறவர்கள் மட்டும் இருக்கிறார்கள். கடைக்காரத் தம்பிக்கு இரண்டு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தன. குடிநுழைவுத் துறையின் கணக்கு ஒன்று. அவர் மனைவியின் கணக்கு இன்னொன்று. மூன்றாவதாக எங்கள் வங்கியின் கணக்கும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நாணயமாகாது. மூன்று கணக்கிலும் அவர் நாள் கடந்தவர். கொன்றையைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு யாரும் இல்லை.

*

பெரிய மாமாவுக்கு நினைவு வந்து வந்து போயிற்று. காலையில் கண் விழித்ததும் ஒவ்வொரு நாளும் முதல் முறை பார்ப்பதுபோல் கேட்பார்: 'எப்ப வந்தே மாப்ளே? எத்தனை நாளைக்கு?' நான் ஒவ்வொரு நாளும் 'இப்பத்தான் மாமா' என்பேன்.

தாத்தா, பினாங்கு வீதியில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் அடுத்தாளாக இருந்தவர். அந்தக் காலத்தில் மூன்று வருஷம் ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால் கப்பலேறி ஊருக்கு வர வேண்டும், இருந்துவிட்டு மறுபடி போகலாம். அதுவும் தவணைதான், ஆனால் திரும்பி வருவது அதற்குள்ளேயே இருந்தது. பா. சிங்காரமும் இப்படி மேடானில் ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனவர்தான். 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் மேடானும் பினாங்கும் வருகிற பக்கங்களை, கடல் கடந்த வீரகதையாகவே நம் நண்பர்கள் படிக்கிறார்கள். அடுத்தாட்களும் பெட்டியடிப் பையன்களும் மனசில் ஊரை ஓட்டிக்கொண்டே கணக்கு எழுதுகிற பக்கங்கள் எனக்கு அதைவிட முக்கியம்.

மாமாவைப் பன்னிரண்டு வயசில் தாத்தா கூட்டிப் போனார். நாகப்பட்டினத்தில் படகில் போய் ரஜூலாவில் ஏறியது 1953இன் ஆரம்பத்தில். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் அப்போதே கிழடு. அந்த ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்து, இந்தியாவிலிருந்து ஆட்கள் போவது இறுக்கப்பட்டுவிட்டது. சில மாதம் முந்தியதால் மாமா உள்ளே இருந்தார். 1957இல் சுதந்திரம். பிரஜையானவர்கள் நீல அட்டை வாங்கினார்கள். மாமா சிவப்பு அட்டையோடு, நிரந்தரவாசியாக நின்றுவிட்டார். பின்னால் 1968இன் சட்டத்தால் பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டியதாகி, கூட இருந்த பலர் மூட்டை கட்டினார்கள். மாமா எப்படியோ தாக்குப்பிடித்தார். அட்டையை ஏன் மாற்றவில்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, 'எப்படியும் ஊருக்கு வரத்தானே போறோம்னு இருந்துட்டேன்' என்றார். எழுபத்தோரு வருஷம். இதைவிட நீண்ட சுற்றுலாவை நான் கேள்விப்பட்டதில்லை.

*

இருபதாம் நாள் வங்கிக்குப் போன் செய்து விடுப்பை நீட்டினேன். மேனேஜர் முனகிவிட்டுச் சம்மதித்தார். இருபத்தேழாம் நாள் டாக்டர் சொன்னார்: ஒரு வாரம் இருக்கலாம், இரண்டு வாரமும் இருக்கலாம். மாமா மகன், 'மச்சான், லெட்டர் வாங்கித் தர்றேன், போய் நீட்டிச்சுக்கிட்டு வந்துருங்க' என்றான். நோய், விபத்து மாதிரியான காரணங்களுக்குச் சான்று காட்டினால் நீட்டிப்புத் தரலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. தருவதும் மறுப்பதும் அதிகாரியின் தீர்மானம். திரும்பிப் போகும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டேன். தங்க அனுமதி கேட்கிறவன், போகப்போகிறேன் என்பதைக் காட்ட வேண்டுமல்லவா.

குடிநுழைவு அலுவலகத்தில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். என் பாக்கெட்டில் ஆஸ்பத்திரிக் கடிதம். பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு இந்தோனேஷியப் பெண், மடியில் குழந்தை. பலகையில் எண் மாறிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரை இந்த இடத்துக்காக எழுதப்படுகிறது. பயந்துவிட்டேன் என்று சொன்னால் பாதி மன்னிப்புக் கிடைத்துவிடும். நான் பயப்படவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சலித்துப்போயிருந்தது. மாமாவின் மூச்சுச் சத்தம், வார்டின் மருந்து வாடை, 'எத்தனை நாளைக்கு' என்ற கேள்வி, ராத்திரி நாற்காலி. ஊரில் என் அறை, என் புத்தகங்கள், சாயங்காலம் ஆறு மணிக்குக் கௌண்டரை மூடிவிட்டு நடந்து போகிற தெரு. அனுமதி கிடைத்துவிட்டால் இன்னும் எத்தனை நாள் இருக்க வேண்டியிருக்குமோ என்றுதான் பயம். முத்திரையில் ஒரு தேதி இருந்தது. அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கண்டுகொண்டேன். சட்டம் மனிதனைப் பிரிக்கிறது என்று எவ்வளவோ எழுதுகிறோம். பிரிய விரும்புகிறவனுக்கு அது எவ்வளவு உபகாரமாக இருக்கிறது என்பதை எழுதுவதில்லை.

மாமா மகனிடம், 'கிடைக்கல' என்றேன். அவன் அரசாங்கத்தைத் திட்டினான். நான் பேசாமல் நின்றேன்.

புறப்படும் நாள் காலையில் மாமா கண் விழித்து வழக்கம்போல் கேட்டார். 'இன்னும் இருக்கேன் மாமா' என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். ஆறாம் நாள் ஊரில் செய்தி வந்தது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு, 'நீ முடிஞ்ச வரைக்கும் இருந்தேல்ல' என்றாள். இறந்த காலத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான் மிஞ்சுகிறது. அவள் என்னை ஆற்றுவிப்பதற்காகச் சொன்னாள்.

*

ஒன்று செய்தேன். பக்கத்துத் தாலுகாக் கிளை மேனேஜரோடு பேசி, அந்த நகைக்கு ஏலத்தைப் பதினைந்து நாள் தள்ளி வைக்கச் சொன்னேன். அதற்குள் அந்தப் பெண் வட்டியைப் புரட்டிக் கட்டி மாற்றி வைத்துவிட்டாள். மற்றவனுக்கு நீட்டிப்பு வாங்க எனக்குத் தெரிகிறது.

2025 பொங்கல் கழிந்து ஒரு நாள், கூட்டம் குறைந்த நேரத்தில் கௌண்டருக்கு எதிரே அவர் நின்றார். கூட மனைவி, கையைப் பிடித்துக்கொண்டு ஆறேழு வயசில் ஒரு பெண் குழந்தை. டிசம்பர் கடைசியில், திட்டம் முடிகிற வாரத்தில், கம்பவுண்டு கட்டிவிட்டு வந்திருக்கிறார். இனி அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்றார். நகை மீட்டாயிற்றா என்று கேட்டேன். இல்லை, இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.

'அம்மாவுக்கு முடியலைன்னு போன் வந்துச்சுண்ணே. இன்னொரு தடவை போன்ல பாக்க என்னால ஆகாது. மூஞ்சியாவது ஒண்ணாவதுன்னு கெளம்பிட்டேன்.'

மறுபடி 'அண்ணே' என்றார் என்பதைக் கவனித்தேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். 'நான் போய் நின்னதும் எந்திரிச்சு உக்காந்துருச்சு' என்று சிரித்தார். என் மாமாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். 'கடைசி வரைக்கும் கூட இருந்தீங்களாண்ணே?' என்றார். கௌண்டரில் யாரோ டோக்கனை நீட்டினார்கள். அதை வாங்கிக்கொண்டேன்.

அந்த வேலை முடிந்து நான் நிமிர்ந்தபோதும் அவர் நின்றுகொண்டிருந்தார். போக மனசில்லாதவர்போல் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: 'ஊருக்குள்ள நடக்க முடியலண்ணே. பாக்குறவன் எல்லாம் ஒரே கேள்வி கேக்குறான். எப்ப வந்தே, எத்தனை நாள் லீவு, எப்பத் திரும்பப் போறே?'

'என்ன சொல்றீங்க?' என்றேன்.

'இப்பத்தான் வந்தேன்னு சொல்றேன்' என்றார்.